பிடிச்சாச்சு, இனி என்ன பண்றது?

குஞ்சு வாங்கி வந்து முதல் முட்டையைக் கண்ணால் பார்க்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். ராத்திரியில் கோழி திருட வரும் ரக்கூனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அமெரிக்காவில் முட்டை விலை ஏறும்போதெல்லாம் வீட்டுக் கொல்லைகளில் கோழிக்கூடு முளைக்கும். 2020இல் ஊரடங்கு வந்தபோது குஞ்சு விற்கிற பண்ணைகளில் சரக்கு இல்லை என்று பலகை மாட்டாத குறைதான். அயோவாவில் 1917 முதல் குஞ்சு பொரித்துத் தபாலில் அனுப்பிவரும் மர்ரே மெக்மர்ரே பண்ணையும் அதற்குத் தப்பவில்லை. (ஆமாம், உயிருள்ள குஞ்சுகள்தான், தபாலில்தான். துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே போஸ்ட் ஆபீஸ் வந்து சேரும்.) 2025 மார்ச்சில், பறவைக் காய்ச்சல் புண்ணியத்தில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட்டைத் தொட்டபோது மறுபடியும் அதே ஆசை. ஆறு கோழி, ஒரு மரக்கூடு, சுற்றிலும் கோழிவலை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை.

அப்புறம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆறில் ஒன்று தலையில்லாமல் கிடக்கும்.

அடுத்த அரை மணி நேரம் துப்பறியும் வேலை. பழகினவர்கள் கிடக்கிற கோலத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கோழியையே காணோம், நாலு இறகுதான் மிச்சம் என்றால் நரி, இல்லாவிட்டால் ஓநாயின் சின்ன உறவான கொயோட்டி. எல்லாக் கோழியும் செத்திருக்கிறது, கழுத்தில் சின்னச் சின்னப் பல் தடம், ஒன்றைக்கூட உருப்படியாகத் தின்னவில்லை என்றால் வீசல். (பார்வைக்குக் கீரி மாதிரி இருக்கும், கீரி இல்லை. ஓர் அங்குல ஓட்டைக்குள் உடம்பை நுழைத்துவிடும்.) முட்டை மட்டும் நொறுங்கி, அக்கம்பக்கம் லேசாக நாறினால் ஸ்கங்க். (வாலைத் தூக்கி நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சுகிற பிராணி.) வலைக்கு உள்ளே உடம்பு, வெளியே தலையைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் ரக்கூன் மேல் சந்தேகப்படலாம். அது கூட்டுக்குள் வந்திருக்கவே வேண்டாம். வலையோரமாகத் தூங்குகிற கோழியை வெளியே இருந்தபடியே கைவிட்டுப் பிடித்து, கண்ணி வழியாக எவ்வளவு வருகிறதோ அவ்வளவை இழுத்துக்கொண்டு போய்விடும். கோழி அடைந்துவிட்டால் கல் மாதிரிதான். இருட்டில் அதற்குச் சரியாகக் கண்ணும் தெரியாது. கூரை திறந்திருந்தால் மட்டும் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். பெரிய கொம்பன் ஆந்தைக்கும் தலையை மட்டும் தின்கிற பழக்கம் உண்டு.

துக்கம் ஆறுவதற்குள் கடைக்குப் போய் ஒரு கூண்டுப்பொறி வாங்கியாகிவிடும். நம்மூர் எலிக்கூண்டுக்குப் பெரிய அண்ணன் அது: 32 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம். ஹாவாஹார்ட், டோமாஹாக் என்று பெயர் போன பிராண்டுகள் உண்டு. உள்ளே ஒரு தகடு. அதில் கால் பட்டதும் கதவு விழும். பிராணிக்குக் காயம் படாது. வாங்குகிற எல்லாருக்கும் திட்டம் ஒன்றேதான்: பிடிக்கிறோம், காரில் ஏற்றுகிறோம், இருபது மைல் தள்ளிக் காட்டோரத்தில் திறந்துவிடுகிறோம். கோழியும் பிழைத்தது, ரக்கூனும் பிழைத்தது, பாவமும் சேரவில்லை.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

முதல் ராத்திரி மத்தி மீன் டின்னைத் திறந்து வைப்பார்கள். காலையில் உள்ளே உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டுப் பூனை. அது பார்க்கிற பார்வையே தனி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மீனை விட்டுவிட்டு மார்ஷ்மெலோவுக்கு மாறினார்கள். வெள்ளை வெளேரென்ற அந்தச் சர்க்கரைப் பஞ்சைப் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது, ரக்கூனோ விடாது. கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் நடக்கும்.

இரையை மாற்றினால் அடுத்த பாடம் ஆரம்பிக்கும். ரக்கூன் உள்ளேயே போகாது. கூண்டின் பின்பக்கம் போய்க் கம்பிக்குள் கைவிட்டு மார்ஷ்மெலோவை எடுத்துத் தின்றுவிட்டு நடையைக் கட்டும். எட்டவில்லையா, கூண்டையே புரட்டிப் போடும். ஆகவே கூண்டுக்கு மேல் ரெண்டு செங்கல், பக்கத்தில் முளையடித்து ஒரு கட்டு, இரை இருக்கிற கோடியைச் சுற்றிப் பொடிக்கண் வலை என்று ஏற்பாடு வளரும். இதையெல்லாம் செய்த பிறகு மாட்டுவது ஒப்போசமாக இருக்கும். ஐம்பது பல் உள்ள பிராணி, வட அமெரிக்கத் தரைவாழ் பாலூட்டிகளில் வேறெதற்கும் அத்தனை பல் கிடையாது. ஆனால் ஆளைப் பார்த்தால் அத்தனையையும் காட்டிவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்ததுபோல் சாய்ந்துவிடும். ஐயோ போய்விட்டதே என்று மனசு கனத்துக் கூண்டைத் திறந்து வைத்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனவர் திரும்பி வரும்போது கூண்டு காலி.

ஸ்கங்க் மாட்டினால் கதையே வேறு. பழைய போர்வை ஒன்றை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாகப் போய்க் கூண்டின் மேல் போர்த்த வேண்டும். முன்னங்காலைத் தரையில் தட்டினால் அப்படியே நிற்க வேண்டும். வாலைத் தூக்கினால் இந்த அறிவுரையெல்லாம் காலாவதி.

ஒருவழியாக ரக்கூனும் ஒரு நாள் மாட்டும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ரெண்டு கை. பெட்டிமேல் அச்சடித்திருந்த வேலை இதோடு முடிந்துவிடும். சட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கலிஃபோர்னியாவில் பொறியைத் தினமும் போய்ப் பார்த்தாக வேண்டும்; மாட்டிய பிராணியை அங்கேயே விட வேண்டும், இல்லையா, கொல்ல வேண்டும். வனவிலங்குத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால் குற்றம். மாசசூசெட்ஸிலும் வேறிடத்துக்குக் கொண்டுபோவது கூடாது. கனடாவின் ஒன்டாரியோவில் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். (ஒரு கிலோமீட்டர்! விட்டுவிட்டு வருகிறவர் வழியில் காபி குடிக்க நின்றால் ரக்கூன் முந்திக்கொள்ளும்.) முதல்முறை இதைக் கேட்கிறவர்களுக்குக் கோபம்தான் வருகிறது. கொல்லலாமாம், காப்பாற்றக் கூடாதாம், இது என்ன நியாயம்?

இதற்குப் பதில் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், ஃப்ளோரிடா பக்கம், 1940களிலிருந்தே ரக்கூன்களுக்கு என்று ஒரு தனி ரகம் ரேபிஸ் இருந்துவந்தது. அந்தப் பக்கத்தோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அப்பலாச்சிய மலைப் பகுதியில் இருந்த வேட்டைக் கூட்டத்தாருக்கு ஒரு குறை: இரவில் நாய்களை விட்டுத் துரத்த ரக்கூன் போதவில்லை. தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கில் வாங்கி லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பாலும் முறைப்படி அனுமதி வாங்கித்தான். 1977இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹார்டி கவுன்டியில் ஒரு ரக்கூனுக்கு ரேபிஸ் என்று உறுதியானது. அங்கிருந்து வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, நியூயார்க் என்று ஒவ்வொரு மாநிலமாக ஏறி, 1999இல் எல்லை தாண்டி ஒன்டாரியோவுக்குள் நுழைந்தது. ஃப்ளோரிடா பக்கத்திலிருந்து மேற்கு வர்ஜீனியா வரைக்கும் தானாக ஊர்ந்திருந்தால் எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ, அந்தத் தூரத்தை லாரி ஒரே இரவில் கடந்துவிட்டது.

ஒன்டாரியோ அதைப் போராடி ஒழித்தது. பத்தாண்டுக்கு மேல் நிம்மதி. 2015 டிசம்பரில் ஹாமில்ட்டன் நகரத்தில், விலங்குக் கட்டுப்பாட்டு வண்டியின் பின்பக்கம் ரெண்டு நாய்களோடு ஒரு ரக்கூன் சண்டை போட்டது. சோதித்துப் பார்த்தால் ரேபிஸ். வைரஸின் மரபணுவை அலசியபோது அது பக்கத்து எல்லைச் சரக்குகூட இல்லை, நியூயார்க் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்றும் அமெரிக்க விவசாயத் துறை, மீன் தூள் தடவிய தடுப்பு மருந்துப் பொட்டலங்களை லட்சக்கணக்கில் விமானத்திலிருந்து காடுகளில் தூவிக்கொண்டிருக்கிறது. எல்லாம் அந்த லாரிகளுக்குக் கட்டும் வட்டி.

நியூயார்க் நகரம் செய்தது இன்னும் சுவாரசியம். சென்ட்ரல் பார்க்கில் ரேபிஸ் பரவியபோது, 2010இல், ரக்கூன்களைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். ஊசி போட்டார்கள். பிடித்த இடத்திலேயே திறந்துவிட்டார்கள். உள்ளூர் ரக்கூனே தடுப்பூசியோடு உள்ளூரில் இருந்தால் வெளியிலிருந்து வருகிற நோயாளிக்கு இடமிருக்காது என்கிற கணக்கு.

(1977 என்றதும் இன்னொன்று. அதே வருஷம்தான் ஜப்பானில் ராஸ்கல் என்ற ரக்கூனைப் பற்றிய கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பாகி, குழந்தைகள் வீட்டுக்கு வீடு ரக்கூன் கேட்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தார்கள். குட்டியாக இருந்தது வளர்ந்து கடிக்க ஆரம்பித்ததும் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே அது சோளக்கொல்லையையும் முலாம்பழத் தோட்டத்தையும் அழிக்கிறது, பழைய கோயில்களின் மரத் தூண்களை நகத்தால் கீறி வைக்கிறது. உலகத்தின் ரெண்டு கோடியில், ஒரே வருஷத்தில், ஒரே வேலை: ஆசைப்பட்டு வேறிடத்துக்குத் தூக்கிப் போனது.)

நோயை விடுங்கள். கொண்டுபோய் விடப்பட்ட ரக்கூனுக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. தெரியாத காட்டில் தண்ணீர் எங்கே, பொந்து எங்கே என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே இருக்கிற ரக்கூன்கள் துரத்தும். அலைந்து திரிந்து ரோட்டில் அடிபட்டும் சாகும். வசந்த காலத்தில் மாட்டியது தாயாக இருந்தால் எங்கோ ஒரு மரப்பொந்தில் மூன்று நாலு குட்டிகள் பால் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். இருபது மைல் தள்ளி விட்டவருக்கு அந்தச் சத்தம் கேட்காது என்பதுதான் அந்தத் திட்டத்தின் ஒரே சௌகரியம்.

அப்படியானால் கொல்வதா? நகர எல்லைக்குள் துப்பாக்கியை எடுக்க முடியாது. கூண்டோடு தண்ணீர்த் தொட்டியில் முக்குவது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அதை வலியில்லாத சாவாக ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. உரிமம் பெற்ற பொறிக்காரரைக் கூப்பிடலாம், அவர் பில் கொடுப்பார். கிராமப்புறத்தில் தோலுக்காகப் பிடிக்கிறவர்கள் வேறொரு கருவி வைத்திருப்பார்கள். கைப்பிடி அகலத்தில் ஓர் இரும்புக் குழாய், உள்ளே இரை, அடியில் ஸ்பிரிங். நாய்க்குப் பாதத்தை உள்ளே விட்டுப் பிடித்து இழுக்கத் தெரியாது, ரக்கூனுக்குத் தெரியும். இழுத்ததும் மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். வில்சன் ரால்ஸ் 1961இல் எழுதிய ‘வேர் த ரெட் ஃபெர்ன் க்ரோஸ்’ நாவலில் ஒரு பையன் மரக்கட்டையில் துளை போட்டு, உள்ளே பளபளக்கும் தகரத்தை வைத்து, சாய்வாக ஆணி அடித்து ரக்கூன் பிடிப்பான். பிடித்ததை விட மனசில்லாமல் ரக்கூன் மாட்டிக்கொள்ளும். நம்மூரில் இதற்குக் குரங்குப்பிடி என்றே பெயர். குழாய்ப்பொறி அந்தப் பிடிவாதத்தை நம்பவில்லை, ஸ்பிரிங்கை நம்புகிறது.

எதைச் செய்தாலும், ஓர் ஆள் காலி செய்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிடும். கூடு திறந்து கிடக்கிற வரைக்கும், தீவனத் தொட்டி ராத்திரி வெளியே இருக்கிற வரைக்கும் காலியிடம் இருந்துகொண்டே இருக்கும். ரக்கூன் பிடிப்பதில் செலவாகிற நேரத்தில் பாதியைக் கூட்டுக்குச் செலவழித்தால் பொறி தூசி படிந்து கிடக்கும். பலர் பொறியை முதலில் வாங்கி, வலையை அப்புறம் மாற்றுகிறார்கள். வரிசை தலைகீழ்.

வலை என்றால் எது? கோழிவலை என்று விற்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவே. ரக்கூன் அதைப் பிய்த்துவிடும், பிய்க்காவிட்டாலும் கை போகும். வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ். வீசலும் நுழையாது. அதையும் ஸ்டேப்ளர் பின் கொண்டு அடித்தால் பிரயோஜனமில்லை. வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கூட்டைச் சுற்றித் தரையோடு தரையாக, வெளிப்பக்கம் ஒன்றரை, ரெண்டு அடிக்கு அதே வலையை விரித்து மண்ணைத் தள்ளிவிட வேண்டும். குழி பறிக்கிற பிராணி சுவரோரமாகத்தான் பறிக்கும். பறிக்கிற இடத்தில் கம்பி தட்டுப்பட்டால் ரெண்டடி பின்னால் போய்ப் பறிக்கலாமே என்று அதற்குத் தோன்றாது. எத்தனை புத்திசாலிக்கும் ஓர் ஓட்டை இருக்கும்.

தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் அந்த ஓட்டையை எதிர்பார்க்க வேண்டாம். 1907இல் ஹெச். பி. டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ரக்கூன்களிடம் விதவிதமான பூட்டுக் கொக்கிகளைக் கொடுத்துப் பார்த்தார். 13இல் 11ஐப் பத்து முயற்சிக்குள் திறந்துவிட்டன. கொக்கியைத் தலைகீழாக மாட்டினாலும் திறந்தன. மூளையில் புலன் உணர்வுக்கான பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கு தொடு உணர்வுக்கே ஒதுக்கியிருக்கிற பிராணி அது. இருட்டில் தடவிப் பார்ப்பதே அதற்குப் படிப்பு. டொராண்டோ நகராட்சி 2016இல் மூன்று கோடி கனடிய டாலருக்கு மேல் செலவு செய்து, ரக்கூன் திறக்க முடியாத திருகுப் பூட்டு வைத்த பச்சைக் குப்பைத்தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தத் தொட்டிகள் வந்தன. 2018இல், தொட்டியைச் சாய்த்துப்போட்டுத் திருகைத் திருப்புகிற ரக்கூனைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது.

ஆகவே கோழிக்கூட்டுக் கதவுக்கு வெறும் கொக்கி, சுழல் கட்டை, இழுக்கிற தாழ்ப்பாள் எதுவும் தனியாகப் போதாது. தாழ்ப்பாளைப் போட்டு, அதன் ஓட்டையில் மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டும் ஸ்பிரிங் வளையம் ஒன்றை மாட்ட வேண்டும். ஒரே நேரத்தில் ரெண்டு வேலை செய்தால்தான் திறக்கும் என்பதுபோல் எதுவானாலும் சரி. வெளிச்சம் குறைந்ததும் தானாக மூடும் மின்கதவுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. நல்ல ஏற்பாடு, மேலே தூக்கினால் தூக்க வராத மாதிரி பூட்டிக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

கொல்லையில் ரக்கூன் ஒரே இடத்தில் மலம் கழித்து வைத்திருந்தால் வெறுங்கையால் அள்ளக் கூடாது. அதில் ஓர் உருளைப்புழுவின் முட்டை இருக்கக்கூடும். மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை வரைக்கும் போகிற ரகம். மண்ணில் விளையாடுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இது கோழியைவிட முக்கியமான சமாச்சாரம். கையுறை, முகக்கவசம், கொதிக்கிற தண்ணீர்.

பருந்து, ஆந்தை வகையறாவைப் பொறி வைத்துப் பிடிக்கும் எண்ணமே வேண்டாம். அமெரிக்காவில் 1918இல் போட்ட வலசைப் பறவைகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 15,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. கோழி மேயும் இடத்துக்கு மேலே வலை கட்டுவதைத் தவிர வழியில்லை.

மிச்சம் இருப்பது நாய். பட்டப்பகலில், கொல்லை முழுக்க இறகு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடித்துப் போட்ட கோழிகள், ஒன்றையும் தின்னவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான். காட்டு மிருகத்துக்குப் பசி, நாய்க்கு விளையாட்டு. ஓநாயையும் நரியையும் சந்தேகப்பட்டு மரத்தில் கேமரா கட்டினவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்: கழுத்தில் சிவப்புப் பட்டையோடு மூன்றாவது வீட்டு நாய். கால்நடையைத் தாக்கும் நாயைச் சுடலாம் என்று பல மாநிலச் சட்டங்களில் இருக்கிறது, ஆனால் கொல்லையில் நிற்கிற ஆறு கோழி கால்நடைக் கணக்கில் வருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். வந்தாலும் அந்த வீட்டுக்காரரோடு அடுத்த இருபது வருஷம் அதே தெருவில் இருக்க வேண்டும். 32 அங்குலக் கூண்டுக்குள் லாப்ரடார் நுழையாது. பீகிள் நுழையும். மார்ஷ்மெலோவைத் தின்றுவிட்டுக் காலை வரைக்கும் தூங்கும், ஆளைப் பார்த்ததும் வாலை ஆட்டும். பட்டையில் வீட்டுக்காரர் போன் நம்பர் இருக்கும்.